வட்ட வளைவைக் கூராக்க வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் சென்ற ஞாயிறு இணைப்பில் சேர்வராயன் மலைத் தேவாலயங்களைப் பற்றி வெளிவந்த கட்டுரையை ஒன்றுக்கு இரண்டு முறை படித்தேன். காபித் தோட்டங்களுக்கு நடுவே, பனிமூட்டத்தில் பாதி மறைந்து நிற்கும் அந்தச் சிறிய கட்டடங்களுக்குத் தமிழ் நாளிதழ் ஒன்று முழுப் பக்கம் ஒதுக்கியதே பெரிய காரியம். அதற்கு முதலில் என் நன்றி. ஆனால் கட்டுரையில் இடம்பெற்ற எல்லாத் தேவாலயங்களும் ‘கோதிக் பாணி’ என்ற ஒரே சொல்லில் அடைக்கப்பட்டிருந்தன. பெயரில் மட்டும் நேர்ந்த பிழை என்றால் படித்துவிட்டுப் பேசாமல் இருந்திருப்பேன். கட்டுரையின் கடைசிப் பத்தியோ, அவற்றுள் ஒன்றை விரைவில் புதுப்பிக்கப் போகிறார்கள் என்றும், அதன் இருண்ட சிறிய சன்னல்களை இடித்து அகலப்படுத்தி, ‘கோதிக் பாணிக்கு ஏற்ப’ உச்சியில் கூராக முடியும் உயரமான சன்னல்களாக மாற்றப் போகிறார்கள் என்றும், உள்ளே குறுக்கே ஓடும் மரவிட்டங்களை எடுத்துவிட்டுக் கூரையின் முழு உயரமும் தெரியும்படி செய்யப் போகிறார்கள் என்றும், வெளிச்சுவர் முழுவதையும் சிமெண்ட் பூசி மெழுகப் போகிறார்கள் என்றும் கூறுகிறது. அந்தத் தேவாலயத்தை நான் அறிவேன். அதன் வாசல், சன்னல், சுவர், பீடத்தின் பின்புறம் ஆகிய நான்கும் கோதிக்குக்கு முந்திய ரோமனெஸ்க் பாணியைப் பின்பற்றியவை. பெயரைத் தவறாக வைத்ததன் விளைவாகச் சுவரில் கடப்பாரை விழப்போகிறது என்பதால்தான் இந்தக் கடிதம் சற்று நீளமாக அமைகிறது, பொறுத்தருள வேண்டும்.

தேவாலயத்தின் பெயரை நான் குறிப்பிடவில்லை. அதைப் புதுப்பிக்க விரும்புகிறவர்கள் பக்தியோடும் சொந்தப் பணத்தோடும் முன்வந்தவர்கள். பொதுவெளியில் அவர்களைக் குறை கூறுவது என் நோக்கம் அன்று. நான் கிறிஸ்தவனும் அல்லன். சேலத்தில் ஒரு பாலிடெக்னிக்கில் கட்டட வரைபடம் கற்பித்து ஓய்வுபெற்றவன். வளைவுகளைக் காம்பஸ் கொண்டு மாணவர்களை வரையச் செய்தே வாழ்நாளின் பெரும்பகுதி போயிற்று. ஆகவே யாருடைய வழிபாட்டு இடமானாலும் ஒரு வளைவைக் கண்டால் கால்கள் நின்றுவிடும்.

பெயரைப் பற்றி முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தங்கள் கட்டுரையாளர் செய்த பிழையை இருநூறு ஆண்டுகளுக்கு முன் ஐரோப்பியர்களே செய்துகொண்டிருந்தார்கள். இடைக்காலத்தில் கட்டப்பட்ட எல்லாவற்றையும் ‘கோதிக்’ என்றே அவர்கள் அழைத்தனர். 1818இல் பிரெஞ்சு ஆய்வாளர் சார்ல் த ழெர்வீல், பத்து முதல் பன்னிரண்டாம் நூற்றாண்டு வரையிலான கட்டடங்களில் பழைய ரோமானியர்களின் அரைவட்ட வளைவு திரும்பி வருவதைக் கவனித்து, அவற்றுக்கு ‘ரோமான்’ என்று தனிப்பெயர் தந்தார். லத்தீன் சிதைந்து பிரெஞ்சும் இத்தாலியமும் பிறந்ததைப் போல ரோமானியக் கட்டடக் கலை சிதைந்து இந்தப் பாணி பிறந்தது என்பது அவர் எண்ணம். அதுவே ஆங்கிலத்தில் ரோமனெஸ்க் ஆயிற்று. எனவே இந்தப் பெயர் அந்தக் கட்டடங்களைவிட ஏழு நூற்றாண்டு இளையது. கட்டிய கொத்தனார்களுக்குத் தாங்கள் எந்தப் பாணியில் கட்டுகிறோம் என்று தெரியாது. அவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் அரைவட்டமும் தூக்குக்குண்டும்தான்.

அந்த அரைவட்டத்தில்தான் எல்லாமே அடங்கியிருக்கிறது. அரைவட்ட வளைவு ஒன்றை வரைய ஒரே ஓர் அளவு போதும்: அகலம். இருபதடி அகலமுள்ள வாசலுக்கு வளைவு எழுப்பினால் அதன் எழுச்சி பத்தடி. அதைக் கூட்டவும் முடியாது, குறைக்கவும் முடியாது. கொத்தனாருக்கு இது எளிது, ஏனெனில் ஒரு முளையும் ஒரு கயிறும் இருந்தால் சென்டரிங் அடித்துவிடலாம். கட்டடம் முழுவதையும் யோசிக்கிறவருக்கோ இதுவே பெரிய தலைவலி. ரோமனெஸ்க் தேவாலயங்களின் தடித்த சுவர், சிறு சன்னல், மாறிமாறி வரும் தூண்கள், சதுரம் சதுரமாகப் பிரிந்த கூடம் என்று நாம் ‘பாணியின் கூறுகள்’ எனப் பட்டியல் போடுகிற பலவும் இந்தத் தலைவலிக்குத் தேடிய மருந்துகளே.

அந்நாளில் மேற்கு ஐரோப்பாவின் பெரிய தேவாலயங்கள் பெரும்பாலும் மரக்கூரையோடு இருந்தன. மெழுகுவர்த்தியாலும் இடியாலும் படையெடுப்பாலும் அவை அடிக்கடி எரிந்தன. கூரையைக் கல்லாலேயே மூடிவிட்டால் தீக்கு அஞ்ச வேண்டியதில்லை. துறவிகளின் பாட்டும் அதன்கீழ் கணீரென்று நின்று ஒலிக்கும். ஆகவே அரைவட்ட வளைவை நீளவாட்டில் இழுத்துக் கூரையாக்கினார்கள். நம் ஊர்க் கூண்டு வண்டியைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். வண்டியின் கூண்டைப் பிரம்புக்குப் பதிலாகக் கல்லால் செய்து இரண்டு சுவர்களின்மேல் கவிழ்த்தது போன்றது அந்தக் கூரை. ஆனால் பிரம்புக் கூண்டும் கூட இரு ஓரங்களையும் கட்டாவிட்டால் அகன்று விரியும் அல்லவா? கல் கூண்டு பல நூறு டன் எடையோடு அதே வேலையைச் செய்கிறது. சுவரின் முழு நீளத்துக்கும், ஓர் அங்குலம் விடாமல், அதை வெளிப்பக்கமாகத் தள்ளிக்கொண்டே இருக்கிறது. அந்தத் தள்ளலைத் தாங்கச் சுவர் தடிக்க வேண்டும். தடித்த சுவரில் பெரிய ஓட்டை போட்டால் அந்த இடம் பலவீனப்படும். ஆகவே சன்னல் சிறுக்க வேண்டும். சன்னல் சிறுத்ததால் உள்ளே இருட்டு. இருட்டைப் போக்கச் சன்னலின் பக்கங்களை உட்புறமாகச் சரித்து, வெளியே ஒடுங்கியும் உள்ளே அகன்றும் இருக்கும்படி செய்தார்கள். ஒல்லியான பிளவு வழியே வரும் ஒளி அந்தச் சரிவில் பட்டு விரிந்து பரவும். பிரான்சின் சேன் சாவேன் தேவாலயத்தின் கல் கூண்டில் சன்னலுக்கு இடமே இல்லாததால் அந்த முழுப் பரப்பிலும் விவிலியக் கதைகளை ஓவியமாகத் தீட்டிவிட்டார்கள். ஏறத்தாழத் தொள்ளாயிரம் ஆண்டு கடந்தும் அவை இருக்கின்றன. அவ்வளவு பெரிய வெற்றுச்சுவர் கோதிக் காலத்து ஓவியனுக்குக் கிடைத்ததில்லை, ஏனெனில் அதற்குள் சுவரின் இடத்தைக் கண்ணாடி பிடித்துக்கொண்டது.

பிரான்சின் தூர்னு என்ற ஊரில் ஒரு கெட்டிக்காரர் வேறு வழி கண்டார். நீளவாட்டில் ஒரே கூண்டாகக் கவிழ்ப்பதை விட்டுவிட்டுச் சிறுசிறு கூண்டுகளைக் குறுக்குவாட்டில் வரிசையாக அடுக்கினார். ஒரு கூண்டின் தள்ளலைப் பக்கத்துக் கூண்டு திருப்பித் தள்ளிச் சமன் செய்துவிடுவதால், நீளச் சுவருக்குச் சுமை குறைந்து, ஒவ்வொரு கூண்டின் வாயிலும் தாராளமாகச் சன்னல் வைக்க முடிந்தது. பார்ப்பதற்குச் சற்று விநோதமாக இருந்தாலும், கணக்கு முற்றிலும் சரி. ஆனாலும் பெருவாரியாகப் பிடிபட்ட வழி இன்னொன்று. இரண்டு கூண்டுகளை ஒன்றுக்கொன்று செங்குத்தாக ஊடுருவச் செய்தால் நான்கு பக்கமும் திறந்த ஒரு குறுக்குக் கூரை கிடைக்கும். அதன் எடை முழுவதும் நான்கு மூலைகளுக்கு இறங்கிவிடும். நடுவில் இருக்கும் சுவருக்கு வேலை குறைந்துவிடுவதால் அங்கே சன்னலுக்கு வழி பிறக்கும். இதிலும் அரைவட்டம் தன் பிடிவாதத்தை விடுவதில்லை. இரண்டு கூண்டுகளும் ஒரே உயரத்தில் சந்திக்க வேண்டுமானால் இரண்டின் அகலமும் ஒன்றாக இருக்க வேண்டும். அதாவது தரையின் அந்தப் பகுதி சதுரமாக இருக்க வேண்டும். வகுப்பில் அட்டையை வளைத்து ஒட்டி இதைச் செய்து காட்டுவேன். நீள்சதுரத்துக்கு முயன்ற மாணவர்களின் அட்டை ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கும். நடுக்கூடம் அகலம், பக்கக்கூடம் அதில் பாதி என்றால், நடுவில் ஒரு சதுரத்துக்குப் பக்கத்தில் இரண்டு சிறு சதுரங்கள் வரும். பெரிய சதுரத்தின் மூலைகளைத் தாங்கும் தூண் பருமனாகவும், இடையில் சிறிய சதுரத்தை மட்டும் தாங்கும் தூண் ஒல்லியாகவும் அமையும். ரோமனெஸ்க் தேவாலயங்களுக்குள் நடந்தால் கனத்த தூண், மெலிந்த தூண் என்று தாளம் போல மாறிமாறி வருவதற்கு இதுவே காரணம்.

அந்தத் தாளத்தைக் கண்ணால் காணும் வாய்ப்பு எனக்கு ஒருமுறை கிடைத்தது. மகள் வேலை நிமித்தம் ஜெர்மனியில் இருந்த காலத்தில், ரைன் ஆற்றங்கரையிலுள்ள ஸ்பையர் நகரத்துப் பேராலயத்துக்கு என்னை அழைத்துச் சென்றாள். பேரரசர் இரண்டாம் கொன்ராட் 1030 வாக்கில் தொடங்கி, 1061இல் அர்ச்சிக்கப்பட்ட கட்டடம் அது. முதலில் நடுக்கூடத்துக்குத் தட்டையான மரக்கூரைதான் இருந்தது. கொன்ராடின் பேரன் நான்காம் ஹென்றி, அதன் சுவர்களை உயர்த்தி, ஒன்றுவிட்ட ஒரு தூணைக் கூடுதல் கல் வைத்துப் பருமனாக்கி, ஏறத்தாழ 33 மீட்டர் உயரத்தில் குறுக்குக் கல்கூரை எழுப்பினார். பின்னால் சேர்த்த கல்லும் முன்னால் இருந்த கல்லும் இணைகிற இடத்தை விரலால் தொட்டுப் பார்த்தபோது, கூரை மாறியதால் தூண் மாற நேர்ந்ததைப் புத்தகத்தில் படிக்காமல் கல்லிலேயே படித்தேன். கீழே, தரைக்கு அடியிலுள்ள நிலவறையில் இறங்கினால் காடு போல நிற்கும் குட்டைத் தூண்களும், சிவப்பும் வெளிர்மஞ்சளுமான மணற்கற்களை மாற்றிமாற்றி அடுக்கிய வளைவுகளும் ஒன்றன்பின் ஒன்றாக விரிகின்றன. தூணின் தலைப்பகுதி மேலே சதுரமாகவும் கீழே உருண்டும் தலையணை போல இருக்கும். உருண்டைத் தூணிலிருந்து சதுர வளைவடிக்கு மாறுவதற்கு அதைவிடச் சிக்கனமான வழி இல்லை. நம் கோயில் மண்டபங்களில் போதிகை செய்யும் வேலையும் கிட்டத்தட்ட அதுவே, ஆனால் நம்மவர்கள் போதிகையின்மேல் வளைவை ஏற்றாமல் உத்திரத்தை ஏற்றினார்கள். தமிழ்நாட்டுக் கோயில் தச்சர்கள் கல் வளைவின் பக்கத் தள்ளலோடு மல்லுக்கட்டத் தேவையே இல்லாதபடி, எடை நேராகக் கீழே இறங்கும் வழியைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். எது சிறந்தது என்று கேட்பவர்களுக்குச் சொல்வேன்: ஆயிரங்கால் மண்டபத்தில் ஆயிரம் கால் இருப்பதே அந்தத் தேர்வின் விலை.

அதே பேராலயத்தில் இன்னொரு செய்தியும் உண்டு. அது நம் மலையோடு தொடர்புடையது. 1689இல் பிரெஞ்சுப் படைகள் வைத்த தீயில் ஸ்பையரின் மேற்குப் பாதி இடிந்தது. இன்று முகப்பாக நிற்பது 1850களில் ஹைன்ரிஷ் ஹ்யூப்ஷ் என்ற கட்டடக் கலைஞர் ரோமனெஸ்க் பாணியிலேயே மீண்டும் கட்டியது. ‘எந்தப் பாணியில் நாம் கட்ட வேண்டும்’ என்று 1828இலேயே ஒரு நூல் எழுதிக் கேட்டவர் அவர். ஜெர்மானியர்கள் ‘வட்ட வளைவுப் பாணி’ என்று அழைத்த இயக்கம் அதிலிருந்து வலுப்பெற்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இப்படி மீட்டெடுக்கப்பட்ட வட்ட வளைவு, பள்ளிக்கூடமாகவும் ரயில் நிலையமாகவும் தேவாலயமாகவும் உலகம் முழுவதும் பரவியது. சேர்வராயன் மலையில் நிற்பதும் அந்த மீட்டெழுச்சியின் தூரத்துக் கிளை. பதினோராம் நூற்றாண்டுக்கும் ஏற்காட்டுக்கும் நேரடி உறவு எதுவும் இல்லை. இங்கே 1820களில் சேலம் கலெக்டர் காக்பர்ன் காபி பயிரிடச் செய்த பிறகே மலையில் ஐரோப்பியக் குடியிருப்பு வேர் பிடித்தது.

ஒன்றை மிகைப்படுத்தாமல் சொல்ல வேண்டும். வட்ட வளைவு இருந்தாலே ரோமனெஸ்க் என்று முடிவு கட்டுவதும் தவறு. பழைய ரோமானியரிடமும் பின்வந்த மறுமலர்ச்சிக் காலத்தவரிடமும் அதே வளைவு உண்டு. கூரான வளைவு இருந்தாலே கோதிக் என்பதும் அதே அளவு தவறு. பிரான்சில் 1088இல் தொடங்கிய க்ளூனி மடத்தின் மூன்றாம் தேவாலயம் ஏறத்தாழ 187 மீட்டர் நீளம் கொண்டது. ரோமில் இன்றைய புனித பேதுரு பேராலயம் எழும்வரை கிறிஸ்தவ உலகில் அதைவிட நீளமானது இல்லை. ரோமனெஸ்க்கின் உச்சம் எனப்படும் அந்தக் கட்டடத்தின் கூடத்தில் வளைவுகள் கூரானவை. 1125இல் அதன் கல்கூரையின் ஒரு பகுதி விழுந்தும் போயிற்று. பிரெஞ்சுப் புரட்சிக்குப் பிறகு அதைக் கல்குவாரியாக்கி விற்றார்கள். எஞ்சியது ஒரு துண்டு. இங்கிலாந்தின் டரம் பேராலயமோ, 1093இல் தொடங்கி நாற்பது ஆண்டில் முடிந்தது, வட்டத் தூணும் தடித்த சுவருமாக இருந்துகொண்டே கூரையில் கல் நரம்புகளையும் கூர் வளைவுகளையும் வைத்துக்கொண்டிருக்கிறது. எல்லைக்கோடு அங்கே கலங்கித்தான் கிடக்கிறது. 1144இல் பாரிசுக்கு அருகே சேன் தெனி மடாலயத்தில் பீடப்பகுதியைக் கண்ணாடியும் மெல்லிய தூண்களுமாக எழுப்பியபோதுதான் வேறொரு எண்ணம் பிறந்துவிட்டது என்று உறுதியாகச் சொல்ல முடிகிறது. கூர் வளைவின் எழுச்சியை அகலத்துக்குக் கட்டுப்படாமல் மாற்றிக்கொள்ளலாம்; அதன் பக்கத் தள்ளலும் குறைவு. சுவரின் வேலையை வெளியே நிற்கும் உதைசுவர்கள் எடுத்துக்கொண்டபின், சுவர் இருந்த இடத்தைக் கண்ணாடிக்குக் கொடுத்துவிடலாம். உயரமான கூர்சன்னல் என்பது இந்த முழு ஏற்பாட்டின் கடைசிப் பலன். அந்த ஏற்பாடு எதுவும் இல்லாத சுவரில் சன்னலை மட்டும் கூராக வெட்டினால், அது வேரில்லாமல் கனியை மட்டும் ஒட்டவைத்தது போல் ஆகும்.

இனி நம் மலைத் தேவாலயத்துக்கு வருகிறேன். அதன் மேற்கு வாசலில் மூன்று வட்ட வளைவுகள் ஒன்றுக்குள் ஒன்றாகப் படிப்படியாக உள்ளொடுங்கிச் செல்கின்றன. தடித்த சுவரில் திடீரென்று ஒரு பொந்து வைத்தது போல் தெரியாமல் ஆளை உள்ளே அழைப்பதற்கான ரோமனெஸ்க் உத்தி அது. கதவுக்கு மேலுள்ள அரைவட்டப் பலகம் வெறுமையாக இருக்கிறது. ஐரோப்பாவில் அந்த இடத்தில்தான் சிற்பிகள் தங்கள் முழுத் திறமையையும் காட்டினார்கள். பிரான்சின் ஓட்டன் பேராலயத்தில் 1130 வாக்கில் செதுக்கிய இறுதித் தீர்ப்புக் காட்சியின் நடுவே ‘கிஸ்லெபெர்த்துஸ் இதைச் செய்தான்’ என்று லத்தீனில் பொறிப்பே உண்டு. 1766இல் அங்கிருந்த குருமார்கள் அந்தச் சிற்பத்தைப் பழங்காலத்து அலங்கோலம் என்று கருதிக் காரை பூசி மறைத்துவிட்டார்கள். பூச்சுக்குத் துருத்திக்கொண்டு நின்ற கிறிஸ்துவின் தலையை உடைத்தும் எடுத்தார்கள். 1837இல் காரையைப் பெயர்த்தபோது சிற்பம் மீண்டது. காரைக்குள் ஒளிந்திருந்ததால்தான் புரட்சிக்காரர்களின் சுத்தியலிலிருந்து தப்பியது என்பது விதியின் விளையாட்டு. அவர்கள் பூசியது பெயர்த்தெடுக்கக் கூடிய காரை. நாம் பூசப்போவது சிமெண்ட். பெயர்த்தால் கல்லின் தோலையும் சேர்த்துக்கொண்டு வரும்.

நம் தேவாலயத்தில் சிற்பம் இல்லாததற்குக் காரணம் தேடி வெகுதூரம் போக வேண்டாம். ஸ்பையரும் டரமும் மணற்கல். பிரான்சின் பெரும்பாலான தேவாலயங்கள் சுண்ணாம்புக்கல். இரண்டும் உளிக்கு இணங்குபவை. சேர்வராயன் மலையோ சார்னோகைட் என்ற கரும்பாறை. (கொல்கத்தாவில் ஒரு தேவாலய வளாகத்தில் இருக்கும், கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னக்கின் கல்லறைக் கல்லை வைத்துத்தான் நிலவியலாளர் ஹாலந்து 1893இல் இந்தப் பாறைக்குப் பெயரிட்டார்.) உளி மழுங்கும் இந்தக் கல்லில் இலையும் கொடியும் செதுக்குவதற்குக் கூலி கட்டுபடியாகாது. அதனால் இங்கே கட்டியவர்கள் சுவரைக் கருங்கல்லிலும், வளைவுகளைச் செங்கல்லிலும், அலங்காரத்தைச் சுண்ணாம்புக் காரையிலும் முடித்திருக்கிறார்கள். கூரையின் அடியில் வரிசையாகத் துருத்தி நிற்கும் சிறு தாங்கிகளும், அவற்றுக்கிடையே சுவரோடு ஒட்டிய குட்டி அரைவட்டங்களும் செங்கல்லில் செய்தவை. செங்கல்லில் ரோமனெஸ்க்கா என்று யாரும் குறைவாக எண்ண வேண்டாம். பிரான்சின் துலூஸ் நகரத்தில், 1096இல் திருத்தந்தை இரண்டாம் உர்பன் அர்ச்சித்த சேன் செர்னேன் தேவாலயத்தின் பெரும்பகுதி செங்கல்தான். பீடத்தின் பின்னால் சுற்றுப்பிராகாரம் போல ஒரு வழியும், அதிலிருந்து வெளியே பிதுங்கும் சிறு சன்னதிகளும் அங்கே உண்டு. யாத்திரிகர்கள் வழிபாட்டுக்கு இடையூறின்றிப் புனிதர்களின் எச்சங்களைச் சுற்றிவந்து தரிசிக்கச் செய்த ஏற்பாடு. நம் மலைத் தேவாலயத்தில் அவ்வளவு இல்லை. பீடத்தின் பின்னால் ஒரு சிறிய அரைவட்டச் சுவரோடு சரி.

இந்தத் தேவாலயத்துக்குக் கல்கூரையும் இல்லை. மரக் கைமரங்களின்மேல் ஓடு வேய்ந்த கூரைதான். அப்படியானால் தடித்த சுவர் தேவையற்றதுதானே, சன்னலை அகலப்படுத்தினால் என்ன என்று பொறியாளர் எவரேனும் கேட்கலாம். நியாயமான கேள்வி. இங்கே கூரையின் தள்ளலை இப்போது தடுத்து நிறுத்தியிருப்பவை, உயரம் தெரியவில்லை என்று எடுத்துவிடப் போகிற அந்த மரவிட்டங்களே. இரண்டு சரிவான கைமரங்களின் அடிப்பகுதி வெளியே வழுகாமல் குறுக்கு விட்டம் இழுத்துப் பிடித்திருக்கிறது. அதை எடுத்த மறுநாளே கூரை, முன்பு சொன்ன கல் கூண்டைப் போலச் சுவரை வெளிப்பக்கமாகத் தள்ளத் தொடங்கும். அதே வேளையில் சன்னலை அகலப்படுத்திச் சுவரையும் குறைக்கிறோம். நான் சில ஆண்டுகளுக்கு முன் அளந்து பார்த்தபோது சுவரின் தடிப்பு இரண்டரை அடி. சன்னல் வெளியே ஒன்றரை அடி, உள்ளே சரிந்து அகன்று மூன்றரை அடி. இரு சன்னல்களுக்கு இடைப்பட்ட முழுச்சுவர் ஏழடி. சன்னலை நான்கடிக்கு அகட்டினால் இடைச்சுவர் நாலரை அடியாகச் சுருங்கும். தள்ளலைக் கூட்டிவிட்டுத் தாங்குவதைக் குறைப்பது எந்தப் பாணியிலும் கிடையாது.

சுவரின் உள்ளமைப்பும் கவலைக்குரியது. ஐரோப்பாவில் ரோமனெஸ்க் சுவர்கள் பெரும்பாலும் இருபுறமும் செதுக்கிய கல்லும் நடுவில் சக்கைக் கல்லும் சுண்ணாம்பும் நிரப்பியவை. பாசி படர்ந்து காரை உதிர்ந்த ஒரு மூலையில் பார்த்தபோது நம் தேவாலயச் சுவரும் அவ்வகைதான் என்று தெரிந்தது. இத்தகைய சுவரை நடுவில் வெட்டினால், முகக்கல் நிற்கும், உள்ளே இருக்கும் சக்கை உதிரும். அனுபவமுள்ள பழைய கொத்தனார்கள் இரும்பு உத்திரங்களைக் குறுக்கே செருகி, முட்டுக் கொடுத்து, சாண் சாணாக வெட்டுவார்கள். இன்றைய ஒப்பந்தப் பணியில் அதற்குப் பொறுமையும் இல்லை, மதிப்பீட்டில் இடமும் இல்லை.

சிமெண்ட் பூச்சைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் மாதக்கணக்கில் மூடுபனியில் நனையும் சுவர் அது. சுண்ணாம்புக் காரை ஈரத்தை வாங்கி, வெயில் வந்தால் விட்டுவிடும். சிமெண்ட் பூச்சு ஈரத்தை வெளியே விடாது. விரிசல் வழியே உள்ளே போன நீர் அங்கேயே தங்கி, உள்பக்கத்துக் காரையைப் பூக்கச் செய்து, விட்டங்களின் முனைகளை உளுத்துப்போகச் செய்யும். சேலம் மாவட்டத்தில் சங்ககிரி சுண்ணாம்புக்கல்லுக்குப் பஞ்சமில்லை. கடுக்காயும் வெல்லமும் ஊறவைத்த நீரில் சுண்ணாம்பு குழைக்கத் தெரிந்த கைகளும் அறவே அற்றுப் போய்விடவில்லை, தேடினால் கிடைப்பார்கள்.

இருட்டாக இருக்கிறது என்ற குறையை நான் மறுக்கவில்லை. காலை ஆராதனையில் முதியவர்கள் பாட்டுப் புத்தகத்தைக் கண்ணருகே பிடித்துப் படிப்பதை நானே கண்டிருக்கிறேன். சன்னல்களின் சரிந்த பக்கங்களில் காலங்காலமாக அடித்த எண்ணெய்ப் பெயிண்ட் அழுக்கேறிப் பழுப்பாகிக் கிடக்கிறது. அதைச் சுரண்டியெடுத்து வெள்ளைச் சுண்ணாம்பு அடித்தாலே, அந்தச் சரிவு தான் உருவாக்கப்பட்ட வேலையை மீண்டும் செய்யத் தொடங்கும். சன்னல்களுக்கு வெளியே வளர்ந்து அடைத்திருக்கும் சில்வர் ஓக் மரங்களின் கிளைகளை ஒதுக்கலாம். போதாததற்கு, விட்டங்களின் மேற்புறத்தில் வெளியே தெரியாதபடி விளக்குகளைப் பொருத்திக் கூரையை நோக்கி ஒளி பாய்ச்சினால், விட்டத்தை எடுக்காமலேயே அவர்கள் விரும்பும் உயரமும் தெரியும். புதுப்பிக்க ஒதுக்கிய தொகையில் இது சிறு பகுதியில் முடிந்துவிடும் என்பது என் மதிப்பீடு. மிச்சத்தில் உடைந்த ஓடுகளை மாற்றி, மழைநீர் சுவரடியில் தேங்காமல் வடிகால் அமைக்கலாம்.

தங்களிடம் என் வேண்டுகோள் இரண்டு. கட்டுரையில் வந்த ‘கோதிக்’ என்ற சொல்லுக்கு, குறைந்தது இந்த ஒரு தேவாலயத்தைப் பொறுத்தவரையிலாவது, ஒரு திருத்தம் வெளியிட வேண்டும். பைசா நகரத்துச் சாய்ந்த கோபுரத்தை அறியாத வாசகர் இருக்க மாட்டார். அடுக்கடுக்காகச் சுற்றிவரும் அதன் வட்ட வளைவுகள் ரோமனெஸ்க் என்று ஒரு வரி சேர்த்தால் எல்லோருக்கும் புரிந்துவிடும். மற்றொன்று, இந்தக் கடிதத்தை வெளியிட இடம் இல்லாவிட்டாலும், அந்தத் தேவாலயத்தின் பொறுப்பாளர்களுக்குத் தங்கள் நிருபர் மூலமாகவேனும் இதைச் சேர்ப்பித்தால் நன்றியுடையவனாக இருப்பேன். வேலை தொடங்குமுன் கட்டடம் முழுவதையும் அளந்து வரைபடம் தயாரித்துக் கையில் வைத்துக்கொள்வது அவசியம். அப்படி ஒன்று அவர்களிடம் இதுவரை இல்லை என்று கேள்விப்பட்டேன். அதை நான் கூலியின்றிச் செய்து தருகிறேன். பழைய மாணவர்கள் இருவர் துணைக்கு வர ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். அளவுநாடாவும் ஏணியும் எங்களுடையவை. எந்த ஞாயிற்றுக்கிழமை என்றாலும், ஆராதனை முடிந்து கதவு சாத்துவதற்கு முன் சொல்லியனுப்பினால், அஸ்தம்பட்டியிலிருந்து முதல் பேருந்தில் கொண்டை ஊசி வளைவுகள் இருபதும் ஏறி வந்து சேர்கிறோம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கட்டட வரைபட ஆசிரியர்,
அஸ்தம்பட்டி, சேலம்.